சம்பவம் என்ற சொல்

ஜெயமேரியின் மகன் பிராங்கிளின் சிறுமலைப் பாதையில் பைக் கவிழ்ந்து இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஓட்டியவன் அவனுடைய கல்லூரித் தோழன் மோகன்குமார். கால் முறிந்து பிழைத்துக்கொண்டான். விபத்துக்கு முந்தின நாள் அவன் அனுப்பிய செய்தி ஒன்றை மகனின் போனில் ஜெயமேரி பார்த்தாள். "மச்சி, நாளைக்கு மலையில உன் சம்பவம் இருக்கு."

திண்டுக்கல்லில் அவள் தமிழாசிரியை. ரவுடிகள் சம்பவம் செய்தார்கள் என்றால் என்ன பொருள் என்று பத்திரிகை படிக்கும் யாருக்கும் தெரியும். தானும் விழுந்து காலை ஒடித்துக்கொள்பவன் கொலை செய்வானா என்று கணவர் சூசைமுத்து கேட்டதைக் காதில் வாங்காமல் போலீசில் புகார் கொடுத்தாள்.

பையன்கள் பேச்சில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு என்றார் சப்-இன்ஸ்பெக்டர் பர்ஹானா. அது பொய்யென்று காட்டவே ஜெயமேரி இணையத்தில் ஒரு கொச்சைச் சொல் அகராதியைத் தேடித் திறந்தாள். முதல் பொருள் கொலை. இரண்டாவது, எல்லோரும் வியக்க ஒருவர் ஒன்றைச் செய்துகாட்டுவது, பாராட்டு.

அதை வைத்துக்கொண்டு மகனின் பழைய செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். 'செத்தேன்டா' என்று நண்பர்கள் எழுதிய இடமெல்லாம் அவன் பேச்சுக்குச் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் மோகன்குமாரின் ஊரான கீரனூருக்கு பஸ் ஏறினாள். அவன் ஊன்றுகோலோடு எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரச் சொல்லிவிட்டு, மலையில் என்ன சம்பவம் என்று கேட்டாள்.

"பாட்டுங்கம்மா. அங்க ஒரு கல்யாணத்துல அவன் பாடறதா இருந்துச்சுங்க. மேடை ஏறுறது அதுதான் மொதத் தடவை."

வீட்டில் அவன் வாய்விட்டுப் பாடி அவள் கேட்டதே இல்லை.

வளைவில் வேகமாகத் திருப்பியது தான்தான் என்றும், அதற்கு எந்தத் தண்டனை என்றாலும் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னான்.

"கொலைன்னு எழுதிக் குடுத்ததை வாபஸ் வாங்கிக்கிறேன்ப்பா. உன்னை மன்னிச்சுட்டேனான்னு மட்டும் கேக்காத. அது எனக்கே இன்னும் தெரியல."

ஒத்திகையில் பாடியது போனில் இருப்பதாகவும் அனுப்பட்டுமா என்றும் தயங்கிக் கேட்டான். அனுப்பச் சொன்னாள். பஸ்ஸில் அதைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சூசைமுத்துவைப் பக்கத்தில் உட்காரவைத்த பிறகுதான் போட்டாள். பாதியில் அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.