விளக்கணைத்தாருக்குக் காது குத்து

விளக்கணைத்தார் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். வயதான காலத்தில் அது அண்ணன் தம்பி மூன்று பேர் வீட்டிலும் முறைவைத்துத் தங்கியது. ஒரு மாதம் பாபநாசத்தில் மூத்தவர் சட்டநாதன் வீடு. அடுத்த மாதம் கும்பகோணத்தில் நடுவிலவர் வைத்தியலிங்கம் வீடு. அதற்கடுத்த மாதம் மாயவரத்தில் கடைசித் தம்பி ஆபத்சகாயம் வீடு. பெற்றவர்களையே முறைவைத்துப் பார்க்கிற ஊரில் பெயரை முறைவைக்க யாரும் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பெயர் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரர்தான் அந்த மாதம் அதைப் போட்டுக்கொள்ளலாம். மற்ற இரண்டு பேரும் வெறும் ஆளாக இருக்க வேண்டியதுதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் மரியாதை எல்லாம் முறை பார்த்துத்தான். ஒரு தரம் சட்டநாதன் மனை கிரயத்துக்குப் போனபோது ரிஜிஸ்ட்ரார் பேனாவை மூடி வைத்துவிட்டு, “உங்க பேரு இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டார். மாயவரத்தில் இருக்கிறது என்றதும், வந்த பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தானே.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அடுத்த வீட்டுக்குப் பெயரைக் கூட்டிக்கொண்டு போவது அவர்களுடைய தங்கை தையல்நாயகி. ஆபத்சகாயத்துக்கு மட்டும் அவள் அக்கா. கல்யாணமாகிப் போன அன்று பெயர் வாசல்வரை வந்து அவளை வழியனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டது. புருஷன் வீட்டுப் பெயரை அவளுக்குக் கடைசிவரை யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. புருஷன் போய், பிள்ளைகுட்டியும் இல்லாமல் அவள் திரும்பி வந்தபோது எந்த வீட்டில் இருப்பது என்ற கேள்வி வந்தது. பெயர் எங்கேயோ அங்கே நீயும் இரு, பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே என்று அண்ணன்கள் சொன்னார்கள். அப்படித்தான் அவளுக்கு மூன்று வீடு வந்தது. மூன்று வீடு இருக்கிறவளுக்கு ஒரு வீடும் இல்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது?

பெயர் ஒல்லியாக, நரைத்த தலையோடு, நாலு முழ வேட்டியில் இருக்கும். வீட்டில் எல்லோரும் ‘பெரியவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேசாது. ரசம் சாதத்தைச் சூடாகப் போட்டால் சாப்பிடும், ஆறிவிட்டால் தட்டைத் தள்ளிவிடும். பஸ்ஸில் அதற்கு ஜன்னலோர சீட். தையல் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் பையையும், பைக்கு மேலே வாசலில் மாட்டுகிற பெயர்ப் பலகையையும் வைத்துக்கொள்வாள். நிற்கிறவன் முழங்கை அவள் தோளிலேயே வரும். கண்டக்டர்கள் பெயருக்கு எப்போதும் அரை டிக்கெட்தான் கிழிப்பார்கள். அது சட்டமா இரக்கமா என்று அவள் கேட்டதில்லை.

அலுத்துவிட்டது அவளுக்கு. வேறு வார்த்தை இல்லை. ஒரு வீட்டுக் கொடியில் புடவையைக் காயப்போட்டு, எந்தப் பக்கம் வெயில் நன்றாக விழும் என்று பிடிபடுவதற்குள் அடுத்த வீடு. அடுத்த வீட்டில் அண்ணி வேறு கொடியைக் காட்டுவாள். உப்பு ஒரு வீட்டில் மேல்தட்டில், ஒரு வீட்டில் கீழே. எந்த வீடானாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. பட்டப்பகலில் ஆளில்லாத அறைகளில் லைட் எரியும், தையல் போய் அணைப்பாள். கரண்டு பில்லுக்காக இல்லை. வீணாக எரிவதைப் பார்த்தால் அவள் கை தானாகப் போகும். எல்லோரும் படுத்த பிறகு கடைசியாக அணைப்பதும் அவள்தான்.

பெயர் எப்படி வந்தது என்பதில் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எதிரிப்படை வந்தபோது நம் முன்னோர் ஒருவர் கோட்டை விளக்கை அணைத்து ராஜாவைக் காப்பாற்றினார், ராஜா கொடுத்த பட்டம் இது என்பார் சட்டநாதன். அதெல்லாம் இல்லை, கோயிலில் அர்த்தஜாமம் முடிந்து விளக்கு அணைக்கிற உரிமை நமக்கு இருந்தது என்பார் வைத்தியலிங்கம். ஆபத்சகாயம் மட்டும், எவனோ கஞ்சப்பயல் எண்ணெயை மிச்சம் பிடித்திருப்பான், ஊர் கேலி பண்ணியிருக்கும் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடுவான். எதிரிலேயே உட்கார்ந்திருக்கிற பெயரைக் கேட்டால் அது பதில் சொல்லாது. தையல் எந்தப் பக்கம் போகிறாளோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் வைத்தியலிங்கம் வீட்டுக் குளியலறையில் பெயர் வழுக்கி விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ராத்திரி பகல் ஆள் வேண்டியிருந்தது. அண்ணிமார் இரண்டு பேரும் தம்பி மனைவியும் போனில் பேசி ஒரே முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் ஒரே முடிவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இனி முறை கிடையாது. பெரியவர் ரத்தம் யாரோடு ஒத்துப்போகிறதோ அவர் வீட்டோடு இருக்கட்டும், பெயரையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். யாரோடும் ஒத்துப்போகவில்லை என்றால் திருச்சியில் பெயர்களுக்கான காப்பகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம்.

காப்பகத்தில் துணைக்கு ஆள் தங்க விடமாட்டார்கள் என்று தையலுக்குத் தெரியும். பெயர் எங்கேயோ அங்கே அவள் என்பதுதான் ஏற்பாடு. பெயர் காப்பகத்துக்குப் போனால் அவளுக்குப் போக இடம் இல்லை. அண்ணன்களுக்கு இது தோன்றவில்லை, அவளும் ஞாபகப்படுத்தவில்லை. யார் வீடாக இருந்தாலும் சரி, ஒரு வீடாக இருந்தால் போதும் என்று மட்டும் சாமியிடம் சொல்லிவைத்தாள்.

தஞ்சாவூரில் ஒரு லேப். அங்கே இருந்த ரெஜினா என்ற பெண் நால்வர் வாயிலிருந்தும் எச்சில் வாங்கினாள். பெயர் குழாயில் துப்பத் தெரியாமல் கொஞ்சம் சட்டையில் விட்டுக்கொண்டது. தையல் முந்தானையால் துடைத்தாள். கூட வந்தவர்களும் கொடுக்க வேண்டும், துடைக்கிற கையால் கலந்துவிடும் என்று சொல்லி ரெஜினா அவளிடமும் ஒரு குழாயை நீட்டினாள். காத்திருக்கிற அறையில் வெயில் கொட்டிக் கிடக்க, டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. தையல் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தாள்.

முடிவு வந்ததும் எல்லோரையும் ஜன்னலுக்குக் கூப்பிட்டார்கள்.

“மூணு பேருமே சொந்தந்தான். ஆனா தாய்வழி. மாமன் முறை வருது” என்றாள் ரெஜினா. “இவரு உங்களுக்கு முன்னாடி வந்தவரு இல்ல, பின்னாடி வர்றவரு. இந்தம்மாவோட பிள்ளை.”

சட்டநாதன், எங்கள் பூட்டனாரும் இதே பெயரைத்தான் வைத்திருந்தார், அவர் கணக்கு எப்படி என்று கேட்டார். அப்படியானால் அவரும் இந்தம்மாவுக்குப் பிறகு வந்தவராகத்தான் இருக்க வேண்டும், அவருடைய எச்சில் இருந்தால் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றாள் ரெஜினா. எச்சில் இல்லை என்றதால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வைத்தியலிங்கம்தான் கிட்டே போய்ப் பெயரின் காது மடலை விரலால் நீவிப் பார்த்தார். இரண்டு காதிலும் ஓட்டை இல்லை. மூன்று தாய்மாமன் இருந்தும் பிள்ளைக்குக் காது குத்தவில்லை! வெளியே தெரிந்தால் நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று அவர் முகம் தொங்கிவிட்டது. ஆபத்சகாயம் வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தான். மருமகன் பெயரை மாமன் போட்டுக்கொள்வது எங்கேயும் வழக்கமில்லை. அதனால் மூன்று பேரும் அங்கேயே, அந்த நிமிஷமே வெறும் ஆளாகிவிட்டார்கள். சட்டநாதன் சட்டைப்பையில் இருந்த விசிட்டிங் கார்டுகளை எடுத்து லேப் குப்பைக்கூடையில் போட்டார். அவருக்கு அது வலிக்கத்தான் செய்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், சரி, இனிமேல் பிள்ளையையும் தாயையும் எப்படி முறைவைத்துக்கொள்வது என்று அண்ணன் தம்பிகள் பேச ஆரம்பித்தார்கள். பழக்கம் போகுமா? இத்தனை வருஷமாக அவர்கள் பேசும்போது தையல் பேசாமல் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்றைக்கு அவள் பையைக் கீழே வைத்தாள்.

“எம்புள்ள இனிமே முறைவெச்சு சுத்தாதுண்ணே” என்றாள். “எனக்கு முடியல. ஒரு கொடி போதும். நான் கட்டினா நானே அவுக்கிறவரைக்கும் யாரும் அவுக்கக் கூடாது.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுகிற தெம்பு அவளிடம் இல்லை. சட்டநாதன், மாமன் சீரில் பெரியவன் பங்கு பெரிதாகத்தானே இருக்க வேண்டும் என்று சொல்லி, பாபநாசம் வீட்டின் பின்கட்டைத் தனி வாசலோடு பிள்ளைக்குக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். சாவி தையலிடம் இருக்கட்டும் என்றார். பஸ்ஸில் கண்டக்டர் வழக்கம்போல அரை டிக்கெட் கிழித்தார்.

அதற்குப் பிறகு தையல் கிணற்றடி ஓரமாக ஒரு கொடி கட்டினாள். வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துக் கட்டினாள். பிள்ளைக்கு வேட்டி தரையில் புரள ஆரம்பித்தது. மடித்துத் தைத்தாள். சட்டைக் கை விரலை மூடியது. அதையும் பிடித்துத் தைத்தாள். வாரம் போகப் போகத் தையல் வேலை கூடியது. அண்ணி வந்து பார்த்து, இப்படி மடித்துத் தைத்துக்கொண்டே இருப்பதற்குப் பதிலாகக் கால்சட்டை வாங்கிவிடலாமே என்று யோசனை சொன்னாள். நல்ல யோசனைதான்.

காது குத்தை வைத்தீஸ்வரன் கோயிலில் வைத்தார்கள். சன்னதித் தெருவில் ஒரு சத்திரத்து ஹாலை எடுத்திருந்தார்கள். யார் மடியில் உட்கார வைப்பது என்று மாமன்களுக்குள் கொஞ்சம் பேச்சு வந்து, கடைசியில் அதையும் முறைவைத்துக்கொண்டார்கள். வலது காதுக்குச் சட்டநாதன் மடி, இடது காதுக்கு வைத்தியலிங்கம் மடி, மொட்டைக்கு ஆபத்சகாயம் மடி. நரைத்த முடி வாழையிலையில் விழுந்தது. தலையில் சந்தனம் பூசினார்கள். ஆசாரி கம்பியை எடுத்தபோது பிள்ளை அழவில்லை. தையலை மட்டும் பார்த்தது. அவள் அதன் வாயில் சர்க்கரையைப் போட்டாள். ஆசாரி, பிள்ளை பெயர் என்ன என்று கேட்டார். அதுதான் பெயர் என்றார் சட்டநாதன். சரி என்று சொல்லி ஆசாரி அடுத்த காதுக்குப் போனார். மாமன்கள் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். வாசல் பலகையைக்கூடப் புதிதாக எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் பிள்ளைக்கு இனிஷியல் ‘தை.’ என்று போட்டிருந்தது.

சாப்பாடு முடிந்தது. வந்தவர்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தையல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் உட்காரலாம் என்றுதான் உட்கார்ந்தாள். பை எங்கே என்று தேடாமலே தூங்கிப்போனாள். அண்ணிகள் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தார்கள். அவள் பகலில் தூங்கி அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

வாசலில் வெயில் தகித்தது. உள்ளே ஹாலில் அத்தனை டியூப் லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. பிள்ளை அதைப் பார்த்தது. ஆபத்சகாயம் மடியிலிருந்து இறங்கி, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்துபோய், ஸ்விட்சுக்கு எட்டிப் பார்த்தது. எட்டவில்லை. குதித்தது. அப்போதும் எட்டவில்லை. திரும்பிச் சட்டநாதனைப் பார்த்தது.

அவர் எழுந்துபோய், இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினார். கனமே இல்லை. பிள்ளை ஒவ்வொரு லைட்டாக அணைத்தது. கடைசி ஸ்விட்சில் விரலை வைத்தபோது அம்மாவின் தலைக்கு மேலே ஓடுகிற விசிறியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, விரலை எடுத்துக்கொண்டது.

“போதும் மாமா, எறக்கி விடு” என்றது.

சட்டநாதன் இறக்கிவிட்டார்.