கிருபாவின் டிக்கெட் வாடிய நாள்

"டிக்கெட் விலைக்குக் காது கேக்குமாப்பா?" என்று என் மகள் எப்சிபா ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்குப் பால்பல் ஒன்றுகூட விழவில்லை.

கேட்கும் என்று சொன்னேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது.

விமான டிக்கெட்டின் விலைக்கு நல்ல காது. வீட்டில் யாராவது அந்தமான் என்று ஆசையாகச் சொன்னால் ஏறும். அலுப்பாகச் சொன்னால் கொஞ்சம் இறங்கும். அதனால் கோடை விடுமுறை நெருங்கியதும் நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தவுடன் அந்தமானைத் திட்டத் தொடங்கினோம்.

"ஒரே உப்புக் காத்து," என்பாள் என் மனைவி கிருபா.

"கொசு," என்பேன் நான்.

"கடல் ஃபுல்லா தண்ணி," என்பாள் எப்சிபா. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவள் சிரித்த நாட்களில் விலை இறங்கவில்லை.

ஜெபத்திலும் நாங்கள் பயணத்தைக் குறிப்பிடவில்லை. ஆண்டவருக்குத் தெரியும். விலைக்குத் தெரிய வேண்டாம்.

ஒருநாள் கிருபா என்னைக் குளியலறைக்குள் இழுத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் மெதுவாகப் பேசினாள்.

"எனக்கு அந்தமான்கூட வேண்டாம்ங்க. மேகத்த மேலருந்து பாக்கணும்."

"மேகத்தையா?"

"கல்யாணம் ஆனதுலருந்து மொட்டை மாடியில துணி காயப்போடுதேன். எப்பவும் அடிப்பக்கத்தையேதான் பாத்திருக்கேன். மேல்பக்கம்னு ஒண்ணு இருக்கும்லா?"

"எப்படி இருக்கும்னு நெனைக்க?"

"அது தெரிஞ்சா நான் எதுக்குப் போகணும்?"

குழாயை மூடினாள். குழாய் இதை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல குழாய்.

எங்கள் ஊரில் விமான டிக்கெட் மார்க்கெட்டில் கிடைக்கும். கத்தரிக்காய்க் கடைக்கும் வாழையிலைக் கடைக்கும் நடுவில் தங்கபாண்டி அண்ணாச்சி சாக்கை விரித்துக் கூறு கட்டி வைத்திருப்பார். வாடாமல் இருக்க அவ்வப்போது தண்ணீர் தெளிப்பார். சனிக்கிழமை காலை மூவரும் போனோம். முகத்தை முருங்கைக்காய் வாங்க வந்தவர்கள்போல வைத்துக்கொண்டோம்.

"வாங்க சார்வாள். அந்தமான் இப்பதான் பறிச்சுட்டு வந்தது," என்றார்.

கிருபா ஒரு டிக்கெட்டை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் பார்த்தாள். முகர்ந்தாள். திரும்ப வைத்தாள்.

"முத்தல்," என்றாள்.

"முத்தலா! நல்லாப் பாருங்கக்கா, பிஞ்சு."

"கூறு என்ன விலை?"

அவர் சொன்னார். எதிர்க்கடையில் அடுக்கியிருந்த பூசணிக்காய்களில் ஒன்று தானாக உருண்டு கீழே விழுந்தது.

"ஜன்னல் சீட்டு உண்டா?" என்று கேட்டேன்.

"சீட்டு தனி சார்வாள். ஜன்னல் தனி. ஜன்னல்ல தெரியிறது தனி."

"அப்ப கொசுறா என்னதான் தருவிய?"

"மேகம் தாரேன். ஆனா அடிப்பக்கம்தான். மேல்பக்கம் கொசுறுக்குக் கட்டுப்படி ஆகாது."

கிருபாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள் அவள்.

"வேண்டாம். வாங்க போவோம்," என்றாள்.

எங்கள் ஊரில் ஒரு பொருளை வாங்குவதற்கு முதல் படி, அதை வாங்காமல் நடப்பது. பத்து எட்டு வைப்பதற்குள் கடைக்காரர் கூப்பிடுவார். புளியும் அப்படித்தான் வாங்குவோம், பட்டுச் சேலையும் அப்படித்தான். விமானத்துக்கு மட்டும் வேறு முறை இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

நடந்தோம். மார்க்கெட் நீண்டது. கத்தரிக்காய்க் கடைக்குப் பிறகு இன்னொரு கத்தரிக்காய்க் கடை வந்தது. அதற்குப் பிறகு கடைகள் தீர்ந்து புளியமரங்கள் வந்தன. பின்னாலிருந்து அண்ணாச்சி ஒரு விலை சொல்லிக் கூப்பிட்டார். முன்பு சொன்னதைவிடக் குறைவு. ஆனாலும் ஒரு புளியங்கிளை முறிந்தது.

"திரும்பிப் பாக்காதிய," என்றாள் கிருபா.

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரும்பிப் பார்த்தால் விலை ஏறும். ரொம்ப ஆசையாகத் திரும்பிப் பார்த்தால் அந்த இடத்திலேயே மைல்கல் ஆகிவிடுவோம். ஊருக்கு வெளியே அந்தச் சாலையில் நிறைய மைல்கற்கள் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை வந்து மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள்.

"அந்தமான் யாருக்கு வேணும்," என்று கிருபா சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். "மேகம் யாருக்கு வேணும். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலதான் இருக்கும்."

அவள் சொல்லச் சொல்ல அண்ணாச்சியின் குரல் சிறிதாகிக்கொண்டே வந்தது. விலையும் அதோடு சிறிதானது. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு ஞானதிரவியம் சார் மைல்கல்லாக இருக்கும் இடத்துக்கு வந்தோம். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது டிக்கெட் வாங்க வந்தார். விலை நன்றாக இறங்கிய சமயத்தில் சந்தோஷம் தாங்காமல் திரும்பிப் பார்த்துவிட்டார். அப்போது பேத்திக்குப் பல் முளைத்திருக்கவில்லை. இப்போது விழுந்து முளைக்கிறது.

"ஸ்தோத்திரம் சார். சுகமா இருக்கியளா?" என்றேன்.

"ஸ்தோத்திரம். இருக்கேன்டே. வெயிலுதான் கொஞ்சம் கூடுதல்," என்றது கல். "எங்க வீட்டம்மா மத்தியானம் மோர் கொண்டு வருவா. மேல ஊத்துவா. குளுகுளுன்னு இருக்கும்."

"தாத்தா, ஒங்க மேல என்னமோ எழுதியிருக்கு," என்றாள் எப்சிபா.

"படி பாப்போம்."

"சிங்கப்பூர். அதுக்குக் கீழ நம்பர் அழிஞ்சு போச்சு."

"நல்லதாப் போச்சு. எவ்வளவு தூரம்னு தெரிஞ்சா மனசு கெட்டுப்போகும்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தங்கபாண்டி அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடிவந்து எங்களுக்கு முன்னால் நின்றார். தலையில் டிக்கெட் கூடை. எங்கள் ஊரில் இதற்குமேல் ஒரு பேரத்தில் ஜெயிக்க முடியாது.

"தோத்துட்டேன் சார்வாள். அக்காகிட்ட யாரு பேச முடியும்? ஜன்னலும் தாரேன். மேல்பக்கமும் தாரேன்."

அவர் ஒரு விலை சொன்னார். எதுவும் விழவில்லை. மரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்தது. அது எங்களால் கொடுக்கக்கூடிய விலை.

ஆளுக்கொரு டிக்கெட்டைக் கையில் வைத்தார். என் டிக்கெட் பச்சையாக இருந்தது. எப்சிபாவின் டிக்கெட்டில் ஒரு துளிர் விட்டது. கிருபாவின் டிக்கெட் ஓரத்தில் சுருண்டது. பிறகு நடுவில் பழுத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீரைபோலத் துவண்டு அவள் விரலில் தொங்கியது.

அண்ணாச்சி அவசரமாகத் தண்ணீர் தெளித்தார். பயனில்லை.

"அக்காவுக்கு ஆசை இல்ல," என்றார்.

"இருக்கு அண்ணாச்சி."

"இருந்தா வாடாது. வாடுன டிக்கெட்ட விமானத்துல ஏத்த மாட்டாங்க சார்வாள். ஆசை இல்லாம ஏறுனவங்க நடுவானத்துல எறங்கணும்பாங்க."

நான் கிருபாவைப் பார்த்தேன். "குழாயத் தெறந்துட்டு என்ன சொன்ன? சொல்லு இவருகிட்ட."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"ஏதோ மேகம்னு சொன்னேன்," என்றாள். "எதுக்குச் சொன்னேன்னு தெரியலங்க. வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லி, நெசமாவே வேண்டாம்னு ஆயிட்டு. நீங்களும் பிள்ளையும் போயிட்டு வாங்க. நான் துணி மடிச்சு வைக்கேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். எப்சிபா சிரிக்கவில்லை. விலையைக் குறைக்க நாங்கள் எதை விற்றுவிட்டோம் என்று எனக்கு அப்போது புரிந்தது. வேண்டியதை வேண்டாம் என்று விளையாட்டுக்குக்கூட அதிகம் சொல்லக் கூடாது. நாக்கு சொல்வதை மனது ஒருநாள் நம்பிவிடும்.

"ஏ தாயி," என்றது கல்.

எல்லோரும் கல்லைப் பார்த்தோம்.

"என் தலைமேல கைய வை. உள்ள ஆசை கொஞ்சம் கெடக்கு. ஒரு கை அள்ளிக்கோ."

"ஒங்களுக்கு வேணும்லா சார்?"

"நான் இப்ப எங்க போகப்போறேன்? இந்த ரோட்டுல வாரவ எல்லாரும் ஆளுக்கொரு கை வாங்கிட்டுத்தான் போறாவ. ஊருக்குப் போயிட்டு வந்து தாரேம்பாவ. வரும்போது பைபாஸ் வழியா வந்துருவாவ. பரவால்ல, பைபாஸ் நல்ல ரோடு."

கிருபா கல்லின் தலையில் கை வைத்து அள்ளினாள். ஆசை பார்க்க வறுத்த ரவைபோல இருந்தது. சூடாக இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவள் டிக்கெட் நிமிர்ந்தது.

"கடனா வாங்கிக்கிடுதோம் சார்," என்றேன்.

கல்லின்மேல் மஞ்சள் கொஞ்சம் வெளிறியிருந்தது. சிங்கப்பூர் என்பதில் முதல் எழுத்தைக் காணவில்லை.

விமானத்தில் கிருபாவுக்கு ஜன்னல். நடுவில் எப்சிபா. ஓரத்தில் நான். எலுமிச்சை ஊறுகாயும் புளியோதரையும் கொண்டு வந்திருந்தோம். கிளம்பியவுடன் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரிடம் எவ்வளவுக்கு எடுத்தீர்கள் என்று விசாரித்தார்கள். பின் இருக்கைக்காரர் என்னிடம் கேட்டார். பொய் சொல்லக் கூடாது என்று விலையைச் சொன்னேன். அவர் இருக்கை ஒரு சாண் கீழே இறங்கியது. அவர் தலைமயிர் மட்டும் தெரிந்தது. உண்மையைச் சொல்லும்போது கையில் சாப்பிடவும் ஏதாவது வைத்திருக்க வேண்டும். புளியோதரைப் பொட்டலம் ஒன்றை நீட்டினேன். சாப்பிடச் சாப்பிட மேலே வந்தார்.

"வந்துட்டு," என்றாள் கிருபா.

அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்திருந்தாள். முந்தானை முடிச்சு மெல்ல இளகிக்கொண்டிருந்தது. ரவை ஒவ்வொரு மணியாகத் தீர்ந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"தொவைச்சுப் போட்டாப்ல இருக்கு," என்றாள். "ஆனா யாரும் மடிக்கவே வேண்டாம் போல."

எப்சிபா என் தோளில் தூங்கிவிட்டாள். எட்டிப் பார்த்தால் எழுந்துவிடுவாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது கிருபாவின் காதும், அதன்மேல் விழுந்த வெள்ளை வெளிச்சமும்தான்.

பிறகு அந்தமான் வந்தது. நாங்கள் திட்டியது எதையும் அது மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கடல் முழுவதும் தண்ணீராக இருந்தது. எப்சிபா அதை எல்லோரிடமும் சொன்னாள்.

திரும்பும்போது வாடகைக் கார் பைபாஸ் வழியாக வந்தது. நல்ல ரோடு. மூவரும் தூங்கிவிட்டோம்.

அடுத்த நாள் கிருபா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பாடினாள். மேகத்தைப் பார்த்து, தெரிந்தவரைப் பார்ப்பதுபோலத் தலையசைத்தாள். அவள் முந்தானை முடிச்சில் ஒரு மணிகூட மிச்சமில்லை. கடனை எதை வைத்து அடைப்பது என்று நான் யோசித்தபடி சட்டையை மாற்றினேன். விமானத்தில் போட்டிருந்த சட்டை. பையில் ஏதோ கனத்தது.

கைவிட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. நான்தான் மேகத்தைப் பார்க்கவில்லையே. என்னுடைய ஆசை அப்படியே இருந்தது.

சோப்பு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வரும்போது சோப்பும் வாங்கினேன்.

வெயில் உச்சியில் இருந்தது. ஞானதிரவியம் சாரின் மனைவி வந்து மோர் ஊற்றிவிட்டுப் போயிருந்தார். கல்லின்மேல் ஈரம் காய்ந்திருந்தது. கறிவேப்பிலை ஒன்று ஒட்டியிருந்தது. சாலையில் முன்னும் பின்னும் ஆள் இல்லை.

"சார்," என்றேன்.

பதில் இல்லை. சிங்கப்பூர் என்பதில் கடைசி எழுத்து மட்டும்தான் மிச்சம் இருந்தது. நாங்கள் போன பிறகும் ஆட்கள் அள்ளியிருக்கிறார்கள்.

கறிவேப்பிலையை எடுத்தேன். பையில் இருந்ததை இரண்டு கையாலும் அள்ளிக் கல்லின் தலையில் போட்டேன். நாங்கள் வாங்கியதைவிடக் கூடுதலாக இருக்கும். பையை வெளியே இழுத்துத் தையலில் ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டேன். எல்லாம் உள்ளே இறங்கியது.

தலைக்குமேல் ஒரு பெரிய மேகம் போய்க்கொண்டிருந்தது. நிழல் தந்தது. அதைப் பற்றி எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

கிளம்பத் திரும்பியபோது பின்னால் மூட்டு சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. மண் உதிர்ந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். ரொம்ப நாள் உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்திருக்கும்போது பார்க்கக் கூடாது. கூச்சப்படுவார்.

நான் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.