கத்தாத முதலாளி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி வாயிலிருந்து விழுந்தது. "அன்னைக்கு எங்க முதலாளி கத்தவே இல்ல, தெரியுமா?" என்றாள், திடீரென்று. எனக்கு எழுதக் கை துறுதுறுத்தது.

அண்ணி ஒரு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவி. நோயாளிகளின் வீடுகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்கு அனுப்பும் நிறுவனம் அது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "டிஜிட்டல் யுகத்துக்கு ஏற்ப மாறாத தொழில்கள் யாவும்..." முடிக்க எனக்கே மனம் வரவில்லை. அடுத்தது: "அன்று காலை வானம் கறுத்துக் கிடந்தது. ஏதோ விபரீதம்..." பொய். அன்று நல்ல வெயில் என்கிறாள் அண்ணி.

சரி, நேராகவே சொல்கிறேன். அதுவரை அங்கே எல்லாம் தொலைபேசியில்தான். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும், தொலைபேசி அறைப் பெண்கள் ஓட்டுநரிடம் சொல்வார்கள், வண்டி கிளம்பும். அண்ணி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு அதைச் செயலிக்கு மாற்றினாள். மருத்துவமனையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பக்கத்திலிருக்கும் வண்டிக்குத் தகவல் தானாகப் போய்விடும்.

தொடக்க நாள் காலை தொலைபேசி அறையை மூடினார்கள். அங்கிருந்த பெண்கள் மாடியில் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டார்கள். முதலாளி ஊரின் மறுகோடியில் ஒரு மண்டபத்தில், மருத்துவமனைக்காரர்கள் முன்னால் புதிய முறையை அறிவிக்கக் காத்திருந்தார். அலுவலகச் சுவரிலிருந்த பெரிய திரையில் எல்லாம் பச்சை. பச்சை என்றால் பொருள் வீடு சேர்ந்துவிட்டது.

3

மூடிய அறைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அண்ணி கதவைத் திறந்துபோய் எடுத்தாள்.

"ஆக்சிஜன் மெஷின் இன்னும் வரலைங்க."

"வந்துடுச்சுன்னு காட்டுதே சார்?"

"எனக்கும் அப்படித்தாங்க காட்டுது. ஆனா வாசல்ல யாருமே இல்ல. அப்பாவுக்கு மூச்சு இழுக்குது."

என்ன நடந்திருக்கும் என்று அந்த நொடியே அண்ணிக்குப் புரிந்துவிட்டது. வண்டி தெருவுக்குள் நுழைந்ததுமே செயலி 'சேர்ந்தது' என்று பதிந்துகொண்டிருக்கிறது. ஓட்டுநர் வீட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் போனிலிருந்து அந்த முகவரி மறைந்து, அடுத்த முகவரி வந்திருக்கிறது. ரத்தாகிவிட்டது போல என்று அவரும் போய்விட்டார். தெருவுக்குள் வந்தாலே சேர்ந்த மாதிரிதான் என்று சோதனையின்போது ஒப்புக்கொண்டவள் அண்ணி.

"அப்பாவை நிமிர்த்தி உக்கார வைங்க. ஆம்புலன்ஸுக்கும் சொல்றேன், மெஷினும் வருது" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

செயலியைச் செய்துகொடுத்த மென்பொருள்காரர் கையைப் பிசைந்தார். "மேடம், அரை மணி நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன். இப்ப நிறுத்தினா அங்க சார் மானம் போயிடும்."

"மூச்சு அரை மணி நேரம் காத்துக்கிட்டிருக்குமா? நிறுத்துங்க. எல்லாத்தையும்."

மாடிப்படி ஏறி, தொலைபேசி அறையின் மூத்த பெண்ணிடம் போய் நின்றாள். எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர்.

[இங்கே அக்காவைக் குத்தலாகப் பேசவைத்திருந்தேன்: "இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துச்சா மேடம்..." அண்ணி படித்துவிட்டு என் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். "அவங்க அப்படிக் கேக்கல. விடுவிடுன்னு கீழ வந்து நாற்காலிய இழுத்துப் போட்டாங்க. 'எந்த வீடு முதல்ல?'ன்னாங்க. அவ்வளவுதான்."]

அக்கா அந்த ஓட்டுநரைப் பிடித்தார். வண்டி திரும்பியது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே மெஷின் வீட்டுக்குள் போய்விட்டது. பச்சையாக இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மற்ற பெண்கள் போன் போட்டுக் கேட்டார்கள்.

4

என் முதல் பிரதியில் முதலாளி போனில் கர்ஜிப்பார். "உன்னை நம்பினேன் பாரு..." என்று ஒரு பக்கம். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அண்ணி அவருக்குப் போன் போட்டபோது நடந்தது இது:

"சார், ஒரு பெரியவர் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் போகாமலே போனதா காட்டிடுச்சு. எல்லாத்தையும் நிறுத்திட்டேன். தப்பு என்னோடது."

மறுமுனையில் மண்டபத்து இரைச்சல். பிறகு, "அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்?"

"மெஷின் போயிடுச்சு சார். மூச்சு சீரா இருக்காம்."

"மத்த வீடெல்லாம்?"

"ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டிருக்காங்க."

"நீங்க அதைப் பாருங்கம்மா. இங்க நான் பேசிக்கறேன்."

முதலாளி மேடையேறி, "காலைல தொடங்கினோம், தப்பாப் போச்சு. எங்க தலைவி நிறுத்திட்டாங்க. நிறுத்தத் தெரிஞ்சவங்ககிட்டதான் இந்த வேலைய குடுத்திருக்கேன்" என்றாராம். ஒரு மருத்துவமனை அன்றே விலகிக்கொண்டது. அதைப் பற்றி அவர் அண்ணியிடம் மூச்சுவிடவில்லை. வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். தெரிந்ததும் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாளாம்.*

* இப்படியும் ஒரு முதலாளியா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "கோபம் வந்திருக்கும்டி. என் மேல கொட்டல, அவ்வளவுதான்" என்றாள்.

5

வில்லன் இல்லாமல் கதையை எப்படி முடிப்பது? இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணி விருது வாங்குகிறாள். ("எந்த விருது?" என்று சிரித்தாள்.) இன்னொன்றில் வேலையை விட்டுவிடுகிறாள். ("தோணுச்சு. ஆனா விட்டுட்டு ஓடினா யார் சரி பண்றது?")

சரி பண்ணினாள். செயலி மறுபடி வந்தது, இந்த முறை பகுதி பகுதியாக. வீட்டில் இருப்பவர் 'வந்தது' என்று சொன்னால்தான் பச்சையாகும். தொலைபேசி அறையை மறுபடி மூடவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் வேறு. மெஷின் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து, அந்தப் பெரியவரின் மகன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "அப்பா நல்லா இருக்கார். யாருக்கு நன்றி சொல்லணும்னு தெரியல, அதான் நேர்லயே வந்தேன்" என்றார்.

ஓட்டுநர், "அக்கா கூப்பிட்டாங்க, நான் திரும்பினேன்" என்றார். அக்கா, "மேடம்தான் நிறுத்தினாங்க" என்றார். அண்ணி முதலாளியின் அறையைக் காட்டினாள். சத்தம் கேட்டு வெளியே வந்த முதலாளியோ, "விடாம போன் அடிச்சது நீங்கதானே? உங்களுக்குத்தான் நாங்க சொல்லணும்" என்று கும்பிட்டார்.

அந்த மனிதர் நடுவில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. முதலில் அவர் யாரிடம் போனார் என்று எழுதி, அடித்துவிட்டேன். அந்த அறையில் நீங்கள் நின்றிருந்தால் யார் பக்கம் திரும்பியிருப்பீர்களோ, அங்கேயே அவர் போகட்டும்.