நாற்பது எண்ணும்வரை

அப்பா லாந்தரில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். இருட்டி வெகுநேரமாகியும் அக்கா ஸெலின் காட்டிலிருந்து திரும்பவில்லை. அவளைக் கூட்டிப்போன பாரிஸ் போட்டோக்காரர் வால்கூரும் திரும்பவில்லை. பதினைந்து வயது ஓடில், தங்கள் விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்து, கைகளைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துவைத்திருந்தாள்.

முந்தாநாள் கிழட்டு ஓக் மரத்தடியில் முதலில் நின்றது அவள்தான். மரம் எவ்வளவு பெரிசு என்று காட்ட ஒரு ஆள் வேண்டுமாம். படம் பதிய, வால்கூர் நாற்பது எண்ணும்வரை அசையக்கூடாது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை; அசைந்துவிட்டாள். கண்ணாடித் தகட்டில் மரப்பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் விழுந்திருந்தது; அவள் நின்ற இடத்தில் வெறும் புகை.

"யாரோ அடுப்பு மூட்டின மாதிரில்ல இருக்கு," என்று சிரித்தார் வால்கூர். "உங்க அக்காவை வரச்சொல்லும்மா."

ஸெலின் சிலையாக நின்றாள். அடுப்படியைத் தாண்டாதவள். வசந்தம்தோறும் அப்பாவோடு பாறை பாறையாக ஏறி, பட்டணத்து ஆட்கள் வழி தவறாமலிருக்க நீல அம்புக்குறி வரைபவள் ஓடில். காடு இவளுக்கு, படம் அவளுக்கா? அன்று ராத்திரிச் சாப்பாட்டில் விருந்தாளிகள் ஸெலின் இருந்த தகட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். மேசைக்கடியில் ஸெலின் ஓடிலின் காலைத் தட்டினாள்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடி. உனக்கு நிக்கத் தெரியல, நான் என்ன பண்ண?"

இன்று ஓநாய்ப் பள்ளத்தாக்கில் படம் எடுப்பதாகப் பேச்சு. விடியுமுன் ஓடில் ஓடிப்போய், வழி பிரியும் பாறையிலிருந்த அம்பைச் சுரண்டிவிட்டு எதிர்ப்பக்கம் வரைந்தாள். கொஞ்சம் அலையட்டும், வெளிச்சம் போய்ப் படம் கெடட்டும் என்றுதான் நினைத்தாள். அந்தப் பக்கம் பழைய கல்குவாரிப் பள்ளங்கள் இருப்பது, வரைந்து முடிக்கும்போதே அவளுக்குத் தெரியும்.

"பள்ளத்தாக்கு வரைக்கும் போய்ப் பாக்கறேன்," என்றார் அப்பா. "என் அம்பு இருக்க, வழி எங்க தவறும்? கால் சுளுக்கி எங்கயாச்சும் உக்காந்திருப்பாங்க."

அவர் அம்பைப் பார்க்கமாட்டார். அந்தக் காட்டில் கண்ணை மூடிக்கொண்டே நடக்கக்கூடியவர். சரியான வழியில் விடியவிடியக் கூப்பிட்டுக்கொண்டு போவார். அங்கே பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

"அப்பா, அந்த வழியாப் போகாதீங்க."

"ஏன்டி?"

அவள் கைகளை வெளியே எடுத்தாள். நகக்கண்ணெல்லாம் நீலம். அப்பா குனிந்து பார்த்தார்.

"வசந்தத்துக்கு அப்புறம் நான் வர்ண டப்பாவத் திறக்கவே இல்லையே," என்றார் மெதுவாக. பிறகு, "எந்தப் பாறை?"

"வழி பிரியற பாறை. குவாரிப் பக்கம் திருப்பிட்டேன்."

லாந்தர் அவள் முகத்துக்கு நேராக உயர்ந்தது. நாற்பதுக்கு மேலேயே எண்ணியிருக்கலாம். ஓடில் அசையவில்லை.