பூங்குழலியின் இடது முழங்கால்

கால் பலத்தை அளக்கும் முரளியின் கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும். கால்பந்து ஆடும் பெண் பெஞ்சில் உட்கார வேண்டும். அவன் எதிரே மண்டியிட்டு, கருவியை அவள் கணுக்காலுக்குச் சற்று மேலே வைத்துப் பிடித்துக்கொள்வான். அவள் காலை நீட்டி ஐந்து விநாடி முழு பலத்தோடு தள்ள வேண்டும். எத்தனை கிலோ என்று கருவி காட்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி அளப்பான். இரண்டும் ஒத்துவந்தால்தான் அளவை நம்பலாம்.

கொல்லிமலையில் ஒரு பள்ளி அணியின் பதினான்கு பெண்களை அளக்க அவனை அனுப்பியிருந்தார்கள். அவசரம் ஒருத்திக்குத்தான். பூங்குழலிக்குப் பதினேழு வயது. ஆறு மாதத்துக்கு முன் இடது முழங்காலில் அடிபட்டு ஆடாமல் இருந்தாள். இடது காலின் பலம் வலது காலின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது இருந்தால் மாவட்ட அணியில் ஆடலாம். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

முதல் வாரம் அவளுக்கு இரண்டு காலுக்கும் பதினைந்து கிலோ வந்தது. தொண்ணூறென்ன, நூறு. ஆனால் மற்ற பதின்மூன்று பேருக்கும் பதினைந்தை ஒட்டியே வந்தது. மரவள்ளி மூட்டையோடு மேடு ஏறுகிற பெண்களுக்கு இது மிகவும் குறைவு. முரளி கருவியின் மேல் எடைக்கற்களை வைத்துப் பார்த்தான். கருவி சரியாக இருந்தது.

இரண்டாம் வாரம் எல்லோருக்கும் ஒன்பதாகக் குறைந்தது. தள்ளி முடித்ததும் ஒவ்வொருத்தியும் குனிந்து அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விளையாட்டு ஆசிரியை கோகிலவாணியிடம் காரணம் கேட்டான். அவள் கொஞ்சம் மழுப்பினாள்.

"ஏனுங்க சார், உங்களைப் போயி எப்படிங்க உதைப்பாங்க?"

"உதைக்கச் சொல்லலீங்க. தள்ளத்தான் சொன்னேன்."

"கால்லதானுங்களே தள்ளோணும்."

முதல் வாரம் அது சாருக்குக் கொடுத்த மரியாதை. இரண்டாம் வாரத்துக்குள் அவன் மனைவி யமுனா இறந்து பதினோரு மாதம் ஆகிறது என்பது தெரிந்துவிட்டது. அணித் தலைவி பாவாயி எல்லோரையும் கூப்பிட்டு, ஏற்கெனவே அடிபட்ட மனுஷன், பார்த்துத் தள்ளுங்கள் என்று சொல்லியிருந்தாள். அவள் சொல்லை அணியில் யாரும் தட்டுவதில்லை.

முரளி குறிப்பேட்டில் பிழைக்கான காரணங்கள் என்ற தலைப்பின் கீழ் எழுதினான்: இரக்கம், சுமார் ஆறு கிலோ.

மறுநாள் லாரியில் சரக்கு இறுக்கும் பட்டை ஒன்று வாங்கி வந்தான். கோல் கம்பம் முதுகுப் பக்கம் வரும்படி பெஞ்சைப் போட்டு, பட்டையைக் கம்பத்திலிருந்து கணுக்காலுக்குச் சுற்றிக் கட்டி, காலுக்கும் பட்டைக்கும் நடுவில் கருவியைச் செருகினான். பிறகு பத்தடி தள்ளிப் போய் நின்றான்.

"இப்பக் கம்பத்தைத்தான் தள்றீங்க. கம்பத்துக்கு வீட்ல யாரும் சாகல."

யாரும் சிரிக்கவில்லை. "கம்பம் புடுங்கிட்டு வந்தா எங்களைக் கேக்கக் கூடாதுங்க" என்றாள் பாவாயி.

அன்று ஒத்திகை. ஒத்திகை எண்களை அவன் எழுதவில்லை, அவரவர் பார்த்துக்கொண்டார்கள். பாவாயிக்கு நாற்பத்தாறு. மாலையில் பூங்குழலி தனியாக வந்தாள்.

"எனக்கு வலது நாப்பத்திரண்டு, இடது முப்பதுங்க. எழுபத்தொண்ணுதான் வருது."

அவன் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வலது காலை அடக்கித் தள்ளுனா உங்களுக்குத் தெரியுமுங்களா?"

முரளி யோசித்தான். "கருவிக்குத் தெரியாது. வர்ற நம்பரைத்தான் எழுதுவேன். ஆனா இந்தக் காலோட ஆடுனா முட்டி மறுபடி போயிடும், கண்ணு."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் எண்கள் முதல் முறையாக நம்பும்படி வந்தன. பாவாயிக்கு மறுபடி நாற்பத்தாறு. மற்றவர்களும் ஒத்திகையில் வந்ததுதான் என்றார்கள். பூங்குழலி கடைசியாக உட்கார்ந்தாள். இடது முப்பது. பட்டையை வலது காலுக்கு மாற்றிக் கட்டிவிட்டு முரளி தள்ளிப் போய், மைதானத்தை ஒட்டியிருந்த ஏரியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. ஐந்து விநாடி எண்ணி முடித்து வந்து கருவியைப் பார்த்தான்.

நாற்பத்து நான்கு.

"மெதுவாத்தான் தள்ளப் பாத்தனுங்க" என்றாள் பூங்குழலி. "கம்பமுங்களே. கால் அடங்கல."

முரளி வகுத்துப் பார்த்தான். அறுபத்தெட்டு. படிவத்தில் அதை எழுதி, கீழே 'இப்போது ஆடக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவள் எழுத்துக்கூட்டுவதுபோல் நிதானமாகப் படித்தாள். பிறகு படிவத்தைக் கோகிலவாணியிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.