தேசிக்காய் கட்டிய பெல்ட்டுகள்

பேச்சியம்மாவின் பின்னலை இளையதம்பியரின் அரிசி மில் இழுத்துக்கொண்டு போனது பங்குனி மாதம். உமி அள்ளக் குனிந்தவரின் பின்னல், மூடியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் சிக்கியது. அதே மில்லில் வேலை செய்யும் மகள் சுதர்சினி ஓடிப்போய் மோட்டரை நிற்பாட்டியிராவிட்டால் தலையும் கூடப் போயிருக்கும். பின்னலும் உச்சியில் ஒரு துண்டுத் தோலும் போனதோடு தப்பினார்.

பேச்சியம்மா வழக்குப் போட்டார். நான் தயாபரன், ஒட்டுசுட்டானிலிருந்து பேப்பருக்குச் செய்தி அனுப்புகிறவன். நீதிமன்ற வாசலில் பேச்சியம்மா தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, சொப்பிங் பையிலிருந்து அறுந்த பின்னலை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். படம் எடுத்தேன்.

“பெருசாப் போடுங்க தம்பி. எனக்குப் போன முடி போனதுதான். எம் மக இன்னமும் அந்த பெல்ட்டுக்குப் பக்கத்துலதான் நிக்கிறா. அவளுக்கு என்னையவிட நீளம்.”

இளையதம்பியர் சுதர்சினியை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. நிற்பாட்டினால் அதுவும் பேப்பரில் வந்துவிடும் என்ற பயம். ஆனால் பெல்ட்டையும் மூடவில்லை.

“இப்ப மூடினால், முந்தி மூடாதது பிழையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரியாம். லோயர் சொல்லிப்போட்டார்,” என்றார் என்னிடம். “வழக்கு முடியட்டும் தம்பி, பாப்பம்.”

எங்கள் பக்கத்து வழக்குகள் முடிகிற வேகத்துக்கு, அதற்குள் சுதர்சினிக்கு நரைத்துவிடும்.

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. தேத்தண்ணிக் கடை, சலூன், பஸ் என்று எங்கு பார்த்தாலும் பேச்சியம்மாவும் பின்னலும்தான். எனக்குத் தலைகால் தெரியவில்லை. இனி ஒவ்வொரு மில்காரரும் பயந்துபோய் பெல்ட்டை மூடுவார்கள், அதையும் படம் எடுத்துப் போடலாம் என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன்.

முதல் மில்லில் பெல்ட் திறந்தபடியே ஓடியது. அதற்கு மேலே ஒரு தேசிக்காயும் பச்சை மிளகாயும் நூலில் கோத்துத் தொங்கின. அடுத்த மில்லில் முகம் வரைந்த நீற்றுப்பூசணிக்காய். மூன்றாவது இரஞ்சிதம் அக்காவின் மில். அங்கே காற்சட்டை போட்ட வைக்கோல் வெருளி ஒன்று பெல்ட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“உந்தப் படத்தைப் பாத்ததில இருந்து நெஞ்சு பதைக்குது தம்பி,” என்றார் இரஞ்சிதம் அக்கா. “பாவம் இளையதம்பி அண்ணை. போன போகம் அவற்ற மில்லுக்கு நல்ல ஓட்டமெல்லே? ஆற்றையோ கண்ணூறு பட்டிட்டுது.”

எனக்கு வந்த கோபத்தில் வெருளியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

“அக்கா, கண் படாமல் இருக்கவேணுமெண்டால் மறையுங்கோ! திறந்துவிட்டுப்போட்டு வெருளியும் வைச்சால் போறவாற சனத்தின்ர கண்ணெல்லாம் நேர அதிலதானே விழும்! தகரத்தால மூடுங்கோ, ஒருத்தற்றை கண்ணும் படாது!”

நான் சொன்னது நக்கலுக்கு. அக்கா நாடியில் கைவைத்து யோசித்தார்.

“ஓம். பேப்பரில எழுதிற ஆள், விசயம் தெரியாமல் சொல்லமாட்டீர்.”

அன்று பின்னேரமே அங்கே தகரம் அடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மில் மில்லாகச் செய்தி பரவியது. ஹாட்வெயார் கடையில் தகரம் முடிந்துபோயிற்று. மூடி போட எந்த நாள் நல்லது என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் எனக்கு போன் எடுத்தார்கள். இன்றைக்குத்தான் நல்ல நாள் என்று எல்லோருக்கும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

இரண்டாவது செய்தியை எழுதினேன்: ‘அரிசி மில்களின் பெல்ட்டுகளுக்கு மூடி. ஒரு மில் மட்டும் இன்னும் திறந்தபடி.’ கண்ணூறு பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்த வேலையை இரஞ்சிதம் அக்கா பார்த்துக்கொண்டார். கோயிலில் இளையதம்பியரைக் கண்டு, “நாங்கள் எல்லாரும் மறைச்சுப்போட்டம் அண்ணை. எங்களில விழவேண்டிய கண்ணும் இனி உங்கட பெல்ட்டிலதான்,” என்றாராம்.

லோயரா கண்ணூறா என்று இளையதம்பியர் பிரசாதம் கையில் இருக்க நின்று யோசித்திருக்கிறார். அடுத்த நாள் காலையில் தகரம் வந்து இறங்கியது.

வழக்கின் அடுத்த தவணையில் பேச்சியம்மாவின் சட்டத்தரணி கௌசலா அதைப் பிடித்துக்கொண்டார். “இப்ப மூடியிருக்கிறீங்கள். அப்படியெண்டால் முந்தி மூடாதது பிழைதானே?”

“பிழையொண்டும் இல்லைப் பிள்ளை. இது கண்ணூறுக்கு மூடினது,” என்றார் இளையதம்பியர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளையதம்பியரின் லோயர் மேசையைப் பார்த்தபடி இருந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது.

அன்று நீதிமன்றத்திலிருந்து நேரே என்னையும் கூட்டிக்கொண்டு பேச்சியம்மா மில்லுக்குப் போனார். உள்ளே போகவில்லை, வாசலில் நின்றோம். சுதர்சினி உமி அள்ளக் குனிந்தாள். நீளப் பின்னல் தோளிலிருந்து வழுக்கி முன்னால் விழுந்தது. பேச்சியம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். பின்னல் தகரத்தில் பட்டு, அப்படியே கிடந்தது. தகரத்துக்குள்ளே பெல்ட் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுதர்சினி நிமிர்ந்து, பின்னலைப் பின்னால் எறிந்துவிட்டு, உமிக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பேச்சியம்மா துவாய் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

அப்போதுதான் பார்த்தேன். புதுத் தகரத்துக்கு மேலே ஒரு தேசிக்காயும் மிளகாயும் தொங்கின. எனக்குப் பழையபடி கோபம் வந்தது. பிடுங்கப் போனேன்.

பேச்சியம்மா கையை விடவில்லை.

“அது கெடக்கட்டும் தம்பி. அந்தத் தகரத்துக்கு ஒரு கண்ணும் பட்டுறக் கூடாது.”