மாடிப்படியில் கேட்ட காலடி

முதல் முறை சுருக்கெழுத்துப் பரீட்சையில் நான் தவறியதற்கு ஒரே ஒரு கோடுதான் காரணம். நாட்குறிப்பில் இருக்கிறது: 1937 டிசம்பர், பரீட்சையில் மூன்றாவது வரி. போட்ட கோடு கொஞ்சம் தடித்துவிட்டதோ என்று தோன்றியது. சுருக்கெழுத்தில் கோடு தடித்தால் எழுத்தே மாறிவிடும். நின்று திருத்தினேன். நிமிர்ந்தபோது, நாங்கள் எழுதுவதற்காக உரக்கப் படிப்பவர் நான்கு வரி தாண்டிப் போயிருந்தார்.

அப்போது நான் ஒரு வக்கீலிடம் நகல் எழுதும் குமாஸ்தா. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சௌரிராஜன், மே மாசம் இன்னொரு தடவை எழுதும். பாஸ் பண்ணினா ஸ்டெனோ வேலை உமக்கு. இல்லேன்னா திருச்சியிலேருந்து ஒருத்தர் வரார். நகலையும் அவரே பாத்துப்பார்."

அதாவது, தேறாவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடும்.

மாலை வகுப்பு மேலமாசி வீதியில் ஒரு மாடியில் நடந்தது. கண்ணுச்சாமி மாஸ்டர் வியாபாரக் கடிதங்களாகப் படிப்பார். தங்கள் ஐந்தாம் தேதிக் கடிதம் கிடைத்தது, சரக்கு அனுப்பியிருக்கிறோம். மனப்பாடமான வாக்கியங்களிலும் நான் நின்றேன். பக்கத்து நாற்காலியில் முகைதீன் பிச்சை. அவன் வீட்டாருக்குக் கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை. காலேஜில் ஒரு வருஷம் படித்தவன். இங்கிலீஷ் தண்ணீராக ஓடும். பரீட்சை எழுதும் எண்ணமே இல்லாமல், வீட்டில் அனுப்பியதற்காக வந்துகொண்டிருந்தான்.

"மாப்ள, நீ எழுதலடா, விசாரணை நடத்துற. ஒரு கோட்டுக்கு எம்புட்டு நேரம்டா சாட்சி கேப்ப?" என்றான் ஒரு நாள்.

"தப்பாப் போட்டுட்டா?"

"போட்டா என்ன, தூக்குலயா போடுவாக? நாளைக்கு அஞ்சு மணிக்குக் கடைக்கு வா. ஒரு சரக்கு இருக்கு."

கடைக்குப் பின்னால் கிட்டங்கியில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில், பழைய இங்கிலீஷ் மாதப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் எடைக்குப் போட்டவை. சாமான் மடிக்க வாங்கியிருந்தார்கள். இதழுக்கு ஒரு பேய்க்கதையோ கொலைக்கதையோ இருந்தது.

"நான் படிப்பேன். நிறுத்த மாட்டேன், திருப்பிச் சொல்ல மாட்டேன், புஸ்தகத்தைக் கண்ணுல காட்டவும் மாட்டேன். கதவுக்குப் பின்னால யாரு நிக்கிறான்னு தெரியணும்னா எழுதிக்க. வீட்டுல போயி வாசிச்சுத் தெரிஞ்சுக்க."

முதல் நாள் நாற்பத்தொரு வார்த்தைகள் விட்டுப்போயின. வீட்டில் குறிப்பைப் பிரித்தபோது, சரியாகக் கதவு திறக்கும் இடத்தில்தான் அந்த ஓட்டை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் விட்டவை இருபத்தாறு. அடுத்த வாரம் ஏழு. என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பயப்படவே நேரம் சரியாக இருந்தது, சந்தேகப்பட நேரமில்லை.

கதைகளில் எல்லாம் மூடுபனியும் மெழுகுவத்தியும். நாங்களோ சித்திரை வெயிலில் சட்டை நனைய உட்கார்ந்திருந்தோம். இருந்தும் கையில் மயிர் நின்றது. எங்கள் வீட்டிலும் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. பழைய பாய்கள் இருப்பதாக அம்மா சொல்வாள். அந்த மாதம் நான் அதை நம்பவில்லை.

தினமும் கதையைத் தங்கை வசுந்தராவுக்குச் சொல்வேன். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். இங்கிலீஷில் கேட்டு, கோடும் புள்ளியுமாக எழுதி, மனசுக்குள் தமிழாக்கி, சௌராஷ்டிரத்தில் சொன்னாலும் அந்தப் பயம் வழியில் சிந்தவில்லை. அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்வாள்.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது படித்த கதை இது. மலைமேல் பெரிய பங்களா, வெளியே உறைபனி. எஜமானி இறந்துவிட்டாள். அவள் இருந்த மாடியைப் பூட்டிவிட்டார்கள். தினம் பொழுது சாயும்போது அந்தப் படிகளில் காலடி கேட்கிறது. காவல்காரன் எண்ணுகிறான்: பதினான்கு படிகள், பதினான்கு சத்தம். கடைசியில் கதவைத் திறக்கிறான். முற்றத்துப் புளியமரத்தடியில் எஜமானி நிற்கிறாள். அவள் கால்கள் தரையில் படவில்லை.

அன்று ஒரு வார்த்தைகூட விடவில்லை.

வசுந்தரா கேட்டுவிட்டு யோசித்தாள். "அண்ணா, காலே தரையில படலேன்னா, மாடிப்படியில நடந்தது யாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைபனி ஊரில் புளியமரம் ஏது? இரண்டு நாள் அந்தப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டையும் சுருக்கெழுத்துப் பாடப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். எப்படிப் படித்தாலும் புளியமரம்தான், படாத கால்தான். ஆக, கை ஓடியிருக்கிறது, காது தவறியிருக்கிறது. ஒரு வார்த்தையும் விடவில்லை என்று பெருமைப்பட்ட அன்றுதான் முழுக்கத் தப்பாக எழுதியிருக்கிறேன். பரீட்சைக்குப் போக வேண்டாம் என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

அதைச் சொல்லத்தான் முகைதீனிடம் போனேன். நோட்டை நீட்டி, "முகைதீன், நீ படிச்சது ஒண்ணு, நான் எழுதினது ஒண்ணு. எனக்கு இது வராது," என்றேன்.

"வாசி."

வாசித்தேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எழுந்துபோய் அந்த இதழைக் கொண்டுவந்து முதல்முறையாக என் கையில் கொடுத்தான். காவல்காரன் சாவியை எடுக்கும் இடத்தோடு பக்கம் முடிந்திருந்தது. அடுத்த தாள் இல்லை. கிழித்த விளிம்புதான் இருந்தது.

"யாரோ அரை வீசை பேரீச்சம்பழத்தோட கொண்டு போயிட்டாக. பக்கத்தைத் திருப்புறேன், தாளைக் காணோம். உன்னைப் பாத்தேன். பென்சில் நிக்காம ஓடிக்கிட்டு இருக்கு, இத்தன நாள்ல மொத தடவையா. நான் நிறுத்துனா நீயும் நின்னுருவ. அதான் வாய்க்கு வந்தத..."

"புளியமரம்?"

"பேய் வேற எங்கடா நிக்கும்?"

"காலு?"

"பேய்க்குக் காலு தரையில படாதுடா. இது கூடவா தெரியாது?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று நாட்குறிப்பில் இல்லை. அந்தப் பக்கத்தில் நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் அவன் வாயிலிருந்து வந்ததுதான். நம்பவே முடியாத இடத்திலும் என் கை கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருக்கிறது. கடைசிப் பகுதியில் வேகம் குறைந்திருந்ததா என்று கேட்டேன். "யோசிச்சுல்ல சொன்னேன், கொஞ்சம் கொறஞ்சுதான் இருக்கும்," என்றான். அதையும் குறித்துக்கொண்டேன்.

"ஆனா, வசுந்தரா ஒண்ணு கேட்டா. அப்ப படியில நடந்தது யாரு?"

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கிட்டங்கியின் உள்மூலையை இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

"மாப்ள, வா, முன்னால போயி உக்காருவோம்," என்றான் முகைதீன்.

பரீட்சையில் எங்களுக்குப் படித்துக் காட்டியது தேங்காய்நார் ஏற்றுமதியைப் பற்றி. பேயும் இல்லை, பிணமும் இல்லை. நடுவில் ஏதோ ஒரு புள்ளிவிவரம் நம்ப முடியாததாக இருந்தது. பென்சில் நிற்கப் பார்த்தது. புளியமரம் என்று சொல்லிக்கொண்டு மேலே போனேன்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. மத்தியான இடைவேளையில் நேராகக் கடைக்கு ஓடினேன்.

"என்னாச்சு?"

"நிமிஷத்துக்கு எண்பது வார்த்தையிலே பாஸ்."

அவன் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். பேரீச்சம்பழம் அள்ளி, தினசரித் தாளில் மடித்துக் கொடுத்தான். அந்தப் பத்திரிகைக் கட்டு மேல்தட்டில் கயிறு கட்டி இருந்தது. அதிலிருந்து தாள் கிழிக்கக் கூடாது என்று கடையில் சொல்லிவிட்டானாம்.

அந்தக் கதையை எழுதியவர் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் அச்சான பக்கமும் போய்விட்டது. எங்கோ குளிரில் உட்கார்ந்து அவர் எழுதியதால் நான் ஸ்டெனோ ஆகிவிட்டேன் என்று அவருக்கும் தெரியாது. தெரிவிக்க வழியில்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன். கடைசித் தாளில் பேரீச்சம்பழம் கொண்டுபோனவருக்கும் என் நன்றி.

பொட்டலத்தோடு வக்கீல் ஆபீஸ் மாடிப்படி ஏறினேன். அந்தக் கதைக்குப் பிறகு எந்தப் படி ஏறினாலும் எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. பதினேழு படிகள், பதினேழு சத்தம். கணக்கு சரியாகவே இருந்தது.

இருந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.